நன்றி வேறு, பெயர் வேறு

பாயிரத்தில் சொல்லியாக வேண்டியவை என்று நன்னூல் எட்டுச் செய்திகளை அடுக்குகிறது. முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி. ஒரு நூலை யார் செய்தார் என்று சொன்னால் போதாது, அது எதன் வழி வந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இன்னொன்றையும் அந்நூல் விதிக்கிறது. பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதிக்கொள்ளலாகாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகியோருள் ஒருவர் எழுத வேண்டும். தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்பதே காரணம். அப்படியானால் பெயரைச் சொல்லும் கடமை பெயருக்கு உரியவனுடையதன்று, அவனைச் சுற்றியிருப்பவர்களுடையது. இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது மாணவர் முகங்களில் உறக்கம் படர்வதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். ஆனால் கட்டற்ற மென்பொருள் உலகில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எழுந்து அடங்கும் சச்சரவுகள் பலவற்றை அருகில் சென்று பார்த்தால், அவை இந்த விதிகளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஆக்கியோன் பெயர் சொல்லப்பட்டதா, வழி சொல்லப்பட்டதா, சொல்ல வேண்டியவர் சொன்னாரா என்பவைதாம் கேள்விகள்.

இலக்கியம் பேசும் இடத்தில் மென்பொருள் எதற்கு என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒரு விளக்கம். கட்டற்ற மென்பொருள் அல்லது திறமூல மென்பொருள் என்பது, மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வெளிவருவது. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்டிராய்டு கைபேசிக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ். அதை எழுதியவர்கள் பல்லாயிரவர். இன்று அவர்களுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள். ஆனால் அந்த வேலையில் சேர்வதற்கு முன்பு, ஊதியம் இல்லாமல் எழுதி, தம் பெயரைப் பலர் காணும்படி பதித்து, அந்தப் பெயரின் பலத்தில் உள்ளே வந்தவர்கள் அவர்களிடையே நிறைய. சம்பளம் வாங்காதவருக்கோ பெயர் ஒன்றுதான் கூலி. ஆகவே பெயரைச் சரியாக எழுதுவது இவ்வுலகில் நாகரிகம் பற்றிய பேச்சு மட்டுமன்று. அது கூலிக் கணக்கு.

இதை நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் எரிக் ரேமண்ட். நிரலாளர் சமூகத்தின் எழுதப்படாத வழக்கங்களை ஒரு மானிடவியலாளரைப் போல அவர் 1998இல் ஒரு கட்டுரையில் தொகுத்தார். செய்யத் தகாதவை என்று அச்சமூகம் கருதும் மூன்றை அவர் குறிப்பிடுகிறார். அவற்றுள் ஒன்று, ஒரு திட்டத்தின் வரலாற்றிலிருந்தோ பங்களித்தோர் பட்டியலிலிருந்தோ ஒருவருடைய பெயரை அவர் ஒப்புதல் இல்லாமல் நீக்குவது. உரிமம் மூலநிரலைத் தலைகீழாக மாற்றவும் அனுமதிக்கிறது. ஆனால் பெயரை மட்டும் தொடாதே என்கிறது வழக்கம். ரேமண்டின் கருத்துகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை (அவருடைய அரசியலோடு சுத்தமாக இல்லை). இந்த அவதானிப்பு மட்டும் சரியானது.

*

பெயரைப் பதியும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லினக்ஸைத் தொடங்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ‘கிட்’ என்றொரு கருவியை எழுதினார். மூலநிரலில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு அது வரிசையாகச் சேமித்து வைக்கும். இன்று உலகின் பெரும்பாலான மென்பொருள்கள் அதில்தான் எழுதப்படுகின்றன. அதன் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பெயர்களுக்கு இடம் உண்டு. ஒன்று மாற்றத்தை எழுதியவர், மற்றொன்று அதை எடுத்துத் தொகுப்பில் சேர்த்தவர். தொலைவில் இருக்கும் ஒருவர் திருத்தம் எழுதி அனுப்ப, திட்டத்தின் பராமரிப்பாளர் அதைப் பரிசோதித்துச் சேர்க்கும்போது, எழுதியவர் பெயர் எழுதியவர் இடத்திலேயே நிற்கும்.

தொகை நூல்களைப் பயின்றவர்களுக்கு இந்த ஏற்பாடு வியப்பைத் தராது. எட்டுத்தொகையில் பாடியவர் ஒருவர், தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் ஒருவர் என்று தனித்தனியே குறித்துவைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. குறுந்தொகைக்குத் தொகுத்த பூரிக்கோவின் பெயர் கிடைக்கிறது, தொகுப்பித்தவர் யாரென்று தெரியவில்லை. நற்றிணையில் இது தலைகீழ். தொகுப்பித்த பன்னாடு தந்த மாறன் வழுதி நிற்கிறான், நானூறு பாடல்களைத் தேடிச் சேர்த்த கை எவருடையது என்பது மறைந்துபோயிற்று. பணமும் அதிகாரமும் உடையவரின் பெயர் எஞ்சி, உழைத்தவர் பெயர் மறையும் சாத்தியம் எப்போதும் உண்டு என்பதற்கு நற்றிணை ஒரு சான்று. கிட் அந்தச் சாத்தியத்தைக் குறைக்கிறது. குறைக்கத்தான் செய்கிறது, ஒழிக்கவில்லை.

ஏனெனில் கருவி பெயருக்கு இடம் தரும், எந்தப் பெயரை எழுதுவது என்பதைச் சேர்ப்பவர்தான் முடிவு செய்கிறார். புதியவர் ஒருவர் ஒரு வழுவைக் கண்டுபிடித்து, பல இரவுகள் உட்கார்ந்து அதன் காரணத்தையும் அறிந்து, திருத்தமும் எழுதி அனுப்புகிறார் என்று கொள்வோம். பராமரிப்பாளருக்கு அந்தத் திருத்தத்தின் நடை பிடிக்கவில்லை. தாமே பத்து நிமிடத்தில் வேறு விதமாக எழுதிச் சேர்த்துவிடுகிறார். எழுதியவர் இடத்தில் பராமரிப்பாளர் பெயர் வருகிறது. கண்டுபிடித்தவர் பெயர், மிஞ்சிப்போனால், வழுவை அறிவித்தவர் என்று ஒரு வரியில் வரும். பத்து நிமிட வேலைக்கு ஆசிரியர் பட்டம், பத்து இரவுகளுக்கு அறிவித்தவர் பட்டம். இதில் பொய் எதுவும் இல்லை. கடைசி வரிகளைத் தட்டியவர் பராமரிப்பாளர்தானே? ஆயினும் நியாயம் எங்கோ நழுவிவிட்டது என்பதைக் குழந்தையும் சொல்லும்.

லினக்ஸ் சமூகம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பின் அடியிலும் அதில் பங்குகொண்டோரை அவரவர் செய்த செயலின் பெயரால் எழுதும் முறை அது. வழுவை அறிவித்தவர், யோசனை தந்தவர், உடன் உருவாக்கியவர், சோதித்துப் பார்த்தவர், படித்துச் சரிபார்த்தவர் என்று தனித்தனி வரிகள். தனிமடலில் வழுவைச் சொன்னவரின் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் ஒப்புதல் கேள் என்றும் அவர்களுடைய வழிகாட்டி ஆவணம் சொல்கிறது. (பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பெயரின் மீதான உரிமைதான்.) உலகியலில் இவ்வளவு நுட்பமான பாயிர மரபு வேறெங்கேனும் நடைமுறையில் இருக்கிறதா என்று எனக்கு ஐயம். நம் ஆய்வுலகத்தில் நிச்சயம் இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. ஒரு நிரலின் குறிப்பிட்ட வரியை யார் எழுதினார் என்று கேட்டால் கிட் உடனே காட்டும். அதற்குரிய கட்டளையின் பெயர் ‘பிளேம்’. அதாவது பழி. புகழைப் பதிவதற்கும் பழியைத் தேடுவதற்கும் ஏடு ஒன்றே!

*

பெயர் சொல்லியும் மனம் ஆறாத ஒரு நிகழ்ச்சி உண்டு. கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர். அறுவை அரங்கில் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பது அவருடைய தொழில். நிரலெழுதுவதை அவர் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை. தம் வீட்டுக் கணினியில் லினக்ஸ் தயங்கித் தயங்கி ஓடுவது பொறுக்காமல், தாமே கற்றுக்கொண்டு அதன் உட்கருவைத் திருத்தத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்டது ‘ஷெட்யூலர்’ எனப்படும் பகுதி. பந்தியில் பரிமாறுபவரை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். இலைகள் பல, பரிமாறுகிற கை ஒன்று. கணினியில் ஒரே நேரத்தில் ஓடத் துடிக்கும் பல நிரல்களுக்குச் செயலியின் நேரத்தைப் பகிர்ந்தளிப்பது அதன் வேலை. அக்காலத்து லினக்ஸ் ஷெட்யூலர், யாருக்கு அவசரம், யார் காத்திருக்கலாம் என்று நிரல்களின் நடத்தையைப் பார்த்து ஊகித்துப் பரிமாறியது. ஊகம் சில வேளை தவறும். அப்போது பாட்டு நின்று நின்று ஒலிக்கும், சுட்டி உறைந்து நிற்கும். ஊகிப்பதை விட்டுவிடு, எல்லா இலைக்கும் ஒப்ப நியாயமாகப் பரிமாறு, பெரும்பாலான தொல்லைகள் தாமே நீங்கும் என்பது கோலிவாஸின் வாதம். இந்தக் கொள்கையில் அவர் 2007 மார்ச்சில் ஒரு ஷெட்யூலரை எழுதி வெளியிட்டார். பலர் சோதித்தார்கள், பாராட்டினார்கள். அது லினக்ஸில் சேர்ந்துவிடும் என்றே தோன்றியது.

அடுத்த மாதம், அப்பகுதியின் பராமரிப்பாளரும் மிகத் திறமை வாய்ந்த நிரலாளருமான இங்கோ மோல்னார், அதே நியாயக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு வேறொரு ஷெட்யூலரைச் சில நாள்களில் எழுதி அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.23 பதிப்பில் இடம்பெற்றது மோல்னாருடையது. அதன் பெயரிலேயே நியாயம் இருந்தது: முற்றிலும் நியாயமான ஷெட்யூலர். 2023இல் 6.6 பதிப்பில் வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கும்வரை, பதினாறு ஆண்டுகள், உலகின் சேவையகங்களிலும் கைபேசிகளிலும் பரிமாறியது அந்தக் கைதான். கோலிவாஸ் 2007லேயே லினக்ஸ் உட்கரு வேலையிலிருந்து விலகிவிட்டார். 2009இல் வேறொரு ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். ஆனால் அதை லினக்ஸில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

இதைத் திருட்டு என்று எழுதியவர்கள் உண்டு. அது அநியாயம். மோல்னார் தம் முதல் அறிவிப்பிலேயே, இந்த அணுகுமுறைக்கான பெருமை கோலிவாஸுக்கு உரியது, நியாயமாகப் பரிமாற முடியும் என்று மெய்ப்பித்துக் காட்டியவர் அவரே என்று வெளிப்படையாக எழுதினார். மூலநிரலின் தலைக்குறிப்பிலும், கோலிவாஸின் நியாய வடிவமைப்பைக் கொண்டு பழைய முறையை மாற்றும் வேலை 2007 ஏப்ரலில் தொடங்கியது என்று பதியப்பட்டது. நன்னூல் கேட்கும் இரண்டும் அங்கே இருக்கின்றன. ஆக்கியோன் பெயரும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. மோல்னாரின் நிரலே தொழில்நுட்பத்தில் மேலானது, பராமரிக்க எளியது என்று டோர்வால்ட்ஸ் முதலியோர் கருதியதற்கும் காரணங்கள் உண்டு. அவற்றை மதிப்பிடும் தகுதி தமிழாசிரியனுக்கு இல்லை.

பிறகு எது உறுத்துகிறது? பலகாலம் அக்கருத்தை ஏற்காதிருந்த இடத்திலிருந்தே அக்கருத்து வேறொரு கையெழுத்தில் வந்ததுதான் உறுத்துகிறது. வழி என்று குறிப்பிடப்படுவது மரியாதை. உடனிருந்து செய்ய அழைக்கப்படுவது பங்கு. கோலிவாஸுக்கு முதலாவது முறையாகக் கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. முதல்நூலாசிரியனுக்குப் பாயிரத்தில் ஒரு வரி கொடுத்துவிட்டு வழிநூலை வேறொருவர் செய்வது இலக்கணத்துக்கு உட்பட்டதே. ஆனால் முதல்நூலாசிரியன் பக்கத்து அறையிலேயே ஏட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது? இதற்கு விதி எழுத முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் பராமரிப்பாளர் இடத்தில் இருப்பவர், எழுதத் தொடங்குமுன் ஒரு மடல் போட்டு ‘சேர்ந்து செய்வோமா?’ என்று கேட்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் ஒரு வேளை அந்த மருத்துவர் அப்போது விலகாமல் இருந்திருப்பார். உடன் உருவாக்கியவர் என்று ஒரு தனி வரி லினக்ஸ் வழக்கத்தில் இன்று இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

*

இதுவரை சொன்னது நிரலெழுதுவோர் தமக்குள் பார்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. அவர்களுக்காவது ஏட்டில் இடம் இருக்கிறது. ஏட்டுக்கே வராதவர்கள் இருக்கிறார்கள். பயன்பாட்டு விளக்கம் எழுதுகிறவர், நூற்றுக்கணக்கான வழு அறிக்கைகளைப் படித்துத் தரம் பிரிக்கிறவர், புதிதாக வருவோரின் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்கிறவர், மொழிபெயர்ப்பவர். கிட்ஹப் தளத்தில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் ஓராண்டுப் பங்களிப்பு பச்சைக் கட்டங்களாகத் தெரியும். பெரும்பாலும் கிட் ஏட்டில் விழுந்ததைத்தான் அக்கட்டங்கள் எண்ணும். வேலைக்கு ஆள் எடுப்போர் அக்கட்டங்களைப் பார்க்கிறார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரியும். எண்ணப்படுவது எதுவோ அதுவே பங்களிப்பு என்று ஆகிவிடுகிறது.

மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் தமிழ் இந்த உலகுக்குள் பெருமளவில் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். கட்டற்ற மென்பொருள்களில் திரையில் தோன்றும் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு தனிக் கோப்பில் வரிசையாக இருக்கும். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். ‘ஓப்பன்’ என்று ஒரு சொல் தனியாக நிற்கும். அது திற என்ற ஏவலா, திறந்திருக்கிறது என்ற நிலையா என்பது கோப்பில் தெரியாது. மென்பொருளை இயக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அச்சிடு என்பதா, அச்சிடுக என்பதா? கணினி மனிதனை ஏவுகிறதா, மனிதன் கணினியை ஏவுகிறானா? இப்படி ஆயிரக்கணக்கான வரிகள். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஈடான மொழிப்பயிற்சி அது என்று துணிந்து சொல்வேன்.

அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் மொழிபெயர்ப்பாளர் பெயருக்கென்று ஒரு புலம் உண்டு. அதன் பெயர், கடைசி மொழிபெயர்ப்பாளர். கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர் பெயர் அதில் ஏறும், முன்பிருந்த பெயர் போய்விடும். மூவாயிரம் வரிகளை ஒருவர் மொழிபெயர்த்திருக்க, பிறகு வந்த ஒருவர் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினால் புலம் அவருடையது. அதற்கு மேலே குறிப்பு வரிகளில் எல்லாப் பெயர்களையும் எழுதிவைக்கலாம். எழுதுவாரும் உண்டு, மறப்பாரும் உண்டு. இன்னொரு அழகான ஏற்பாடும் இருக்கிறது. க்னோம் போன்ற திட்டங்களின் மென்பொருள்களில், மொழிபெயர்க்க வேண்டிய வரிகளுக்கு நடுவே, மொழிபெயர்ப்பாளர் பெருமைக்குறிப்பு என்று பொருள்படும் ஒரு வரி வரும். அதை மொழிபெயர்க்கக் கூடாது. அதற்கு நேராக மொழிபெயர்த்தவர்கள் தத்தம் பெயரை எழுத வேண்டும். மென்பொருளைத் தமிழில் திறந்து ‘பற்றி’ என்ற பக்கத்துக்குப் போனால் அப்பெயர்கள் தோன்றும். எவரோ ஒரு நிரலாளர் என்றோ நினைத்துப் பார்த்து, தமக்குத் தெரியாத மொழிகளில் தமக்குத் தெரியாத மனிதர்களுக்காக இட்டுவைத்த இலை அது.

எங்கள் கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்த் துறை மாணவர் பதினான்கு பேர் ஒரு கட்டற்ற மென்பொருளின் இடைமுகத்தைக் கோடை விடுமுறையில் மொழிபெயர்த்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் அவ்வேலையை ஒருங்கிணைத்தார். மாணவர்களிடம் கோப்புகளைப் பகிர்ந்து கொடுத்து, திரும்ப வாங்கி, சரிபார்த்து, தம்முடைய ஒரே கணக்கிலிருந்து ஏற்றினார். ஏட்டில் எழுதியவரும் அவரே, சேர்த்தவரும் அவரே, கடைசி மொழிபெயர்ப்பாளரும் அவரே. பெருமைக்குறிப்பு வரியிலும் ஒரு பெயர்தான். அந்த மாணவியருள் ஒருவர் பின்னர் மொழித்தொழில்நுட்பம் சார்ந்த ஒரு பணிக்கு விண்ணப்பித்தபோது, செய்த வேலையைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டுவதற்கு அவரிடம் ஒரு வரி இல்லை. தன் ஆற்றலை அறியாதாரிடத்தில் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நன்னூல் ஒரு விதிவிலக்குத் தருகிறது. தற்குறிப்புத் தாளுக்கென்றே செய்த விதிவிலக்கு! ஆனால் புகழ்ந்துகொள்ளவும் சான்று கேட்கிற காலம் இது.

ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேட்டபோது அவர் உண்மையாகவே வருந்தினார், கொஞ்சம் வியக்கவும் செய்தார். வெளியீட்டுச் செய்தியில் ‘கல்லூரி மாணவர்களுக்கு நன்றி’ என்று சொல்லியிருந்தேனே என்றார். மூன்று மடல்களுக்குப் பிறகு பதினான்கு பெயர்களும் குறிப்பு வரிகளில் சேர்ந்தன. விண்ணப்பத்தின் கெடு அதற்குள் கடந்துவிட்டது.

அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் நன்றியும் பெயரும் ஒன்றே என்று அவர் கருதினார், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் கருதுகிறோம். நன்றி என்பது சொல்பவருடைய பண்பு. சொன்னால் அவருக்குப் பெருமை, சொல்லாவிட்டால் அவருக்குச் சிறுமை. பெயர் அப்படியன்று, அது செய்தவருடைய சொத்து. கொடுப்பதற்கு வேறெவருக்கும் அதில் உரிமையில்லை, எழுதிவைக்கும் பொறுப்பு மட்டுமே உண்டு. நம் நூல்களின் முன்னுரைகளில் நன்றி ஆறாகப் பெருகும். தட்டச்சு செய்த தம்பிக்கு, மெய்ப்புப் பார்த்த நண்பருக்கு, சுவடி தேடிக் கொடுத்த ஐயாவுக்கு. அவர்கள் எதைச் செய்தார்கள், எந்த அளவு செய்தார்கள் என்பது மட்டும் தெரியாது. லினக்ஸ் மூலநிரலோடு வரும் பங்களித்தோர் கோப்பில் ஒவ்வொரு பெயரின் கீழும் அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரி இருக்கிறது. இது முழுமையற்ற பட்டியல் என்று அக்கோப்பு தன் தொடக்கத்திலேயே ஒத்துக்கொள்ளவும் செய்கிறது. தமிழிலும் ஒரு நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்து பாருங்கள். தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நூலுக்கு முன்பாகவே எழுதியிருக்கும்.

*

பெயர் எழுதுவதற்கு எதிரான வாதங்களும் உண்டு, அவை அற்பமானவை அல்ல. அப்பாச்சி அறக்கட்டளையின் ஆட்சிக்குழு 2004இல், மூலநிரல் கோப்புகளில் தனி ஆசிரியர் பெயர்களை எழுத வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஒரு கோப்பில் ஒருவர் பெயர் இருந்தால் மற்றவர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள், பொதுச்சொத்து பட்டா நிலமாகிவிடும் என்பது கருத்து. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பெயர் இருக்க வேண்டிய இடம் ஏடு, வாசல்கதவு அன்று. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. உரிமம் வேறொரு வகைத் தொல்லையைத் தந்தது. அந்த மென்பொருளின் அம்சங்களைக் குறிப்பிடும் விளம்பரங்களிலெல்லாம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றது அதன் பழைய வடிவம். பிறரும் அதைப் பார்த்துத் தத்தம் பெயரை இட்டு எழுதத் தொடங்கினார்கள். நெட்பி.எஸ்.டி.யின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பொன்றில் இத்தகைய வாக்கியங்கள் 75 இருந்தன என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். 1999இல் பல்கலைக்கழகமே அந்த விதியைக் கைவிட்டது. விளம்பரத்தில் 75 பெயர்களை ஒலிக்கச் செய்வது பாயிரம் ஆகாது. மெய்க்கீர்த்தி ஆகிவிடும்.

பெயர் மட்டும் நின்று பொருள் போய்விடுவதும் நடக்கும். கே.டி.இ. திட்டத்தின் தன்னார்வலர்கள் எழுதிய கே.எச்.டி.எம்.எல். என்ற உலாவிப்பொறியை எடுத்துத்தான் ஆப்பிள் நிறுவனம் தன் சஃபாரி உலாவியைச் செய்து 2003இல் அறிவித்தது. அறிவித்த அன்றே கே.டி.இ. நிரலாளர்களுக்குப் பாராட்டி மடல் எழுதவும் செய்தது. ஆனால் பின்வந்த மாற்றங்களை, எது எதற்காக என்ற வரலாறு இல்லாமல், பெரும் பொதிகளாகக் கொடுத்தது என்று அவர்கள் குறைப்பட்டார்கள். அந்தப் பொறியின் வழிவந்ததே கூகுள் குரோமின் பொறியும். இன்றும் குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் கே.எச்.டி.எம்.எல். என்ற எழுத்துகள் இருக்கின்றன. பழைய தளங்கள் குழம்பாதிருக்க விட்டுவைத்த எச்சம் அது, எவரையும் நினைவுகூர்வதற்காக வைத்ததன்று. இடுகுறிப்பெயராய்த் தேய்ந்துபோன ஒரு காரணப்பெயர்.

நீக்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் லினக்ஸ் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடைய ஏறத்தாழ பன்னிரண்டு பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. சட்டத் தேவைகள் காரணம் என்று குறிப்பு மட்டும் சுருக்கமாக இருந்தது. அந்தப் பட்டியல் இன்று யாரை அணுக வேண்டும் என்பதற்கானது, அவர்கள் எழுதியவை கிட் ஏட்டில் அவரவர் பெயரிலேயே இருக்கின்றன. ஆகவே ரேமண்ட் சொன்ன குற்றம் நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தடைச் சட்டத்தோடு வாதாட முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் பொறுப்பிலிருந்து ஒருவரை இறக்கும் குறிப்பில், இவர் இதைச் செய்தார் என்று எழுதுவதை எந்தச் சட்டம் தடுத்தது? விலகுவோரின் பெயரைப் பங்களித்தோர் கோப்புக்கு மாற்றும் நல்ல வழக்கம் அவர்களிடமே இருக்கிறதே.

இப்போது புதிய ஒரு முரண் முளைத்திருக்கிறது. கிட்ஹப் தளம் 2018 முதல் இணையாசிரியர் என்ற வரியை மதித்துக் காட்டுகிறது. ஒரே மாற்றத்தை இருவர் சேர்ந்து எழுதினால் இருவர் பெயரும் தெரியும். நிரலெழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில அந்த வரியில் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்கின்றன. பல்லாயிரம் மனிதர்கள் பெயர் இட்டு வைத்த நிரல்களை, அப்பெயர்களை உதிர்த்துவிட்டு உட்கொண்ட பொறிக்கு ஏட்டில் இடம் உண்டு. ஒற்றுப்பிழையில்லாத தமிழை மூவாயிரம் வரி எழுதிய பெண்ணுக்கு இல்லை. வழக்குமன்றங்களில் இதன் ஒரு பக்கம் 2022 முதல் வாதாடப்பட்டு வருகிறது. நான் அதற்குள் போகவில்லை.

தமிழில் மொழிபெயர்ப்பு வேலைகளை ஒருங்கிணைக்கும் நண்பர்கள் சிலர் இக்குழுப்பதிவை வாசிக்கிறார்கள் என்று அறிவேன். அவர்களிடம் கேட்பது மிகச் சிறியது. மாணவர்களிடம் கோப்புகளைக் கொடுக்கும் முதல் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால், ஏற்றும்போது எழுதியவர் இடத்தில் அவர் பெயரை இடுங்கள். கிட்டில் அதற்கு ஒரே ஒரு சொல் கூடுதலாகத் தட்டினால் போதும். குறிப்பு வரிகளில் பெயரோடு, எந்தக் கோப்பு, எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள். சரிபார்த்தவருக்குத் தனி வரி கொடுங்கள், அது நீங்களாக இருந்தாலும். பெருமைக்குறிப்பு வரி வரும்போது அதை நிரப்பாமல் தாண்டிவிடாதீர்கள். இடம் போதாது என்பவர்களுக்காகச் சொல்கிறேன், பதினான்கு பெயர்களும் அவற்றின் முதலெழுத்துகளும் ஏழு வரிகளுக்குள் அடங்கின.